முழங்கால் வலிக்காரரை வைத்துத் திட்டமிடுங்கள்: விவிலிய நாட்டுக் குழுப் பயணத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

எந்தப் பயண நோட்டீஸை எடுத்தாலும் 'எட்டு நாளில் நாற்பது புனிதத் தலங்கள்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். பஸ் ஜன்னல் வழியாக 'அதோ, அந்த மலைதான்' என்று கைகாட்டிவிட்டுப் போவதும் அந்த நாற்பதில் ஒன்று. கெத்செமனேக்குப் பதினைந்து நிமிடம், நினைவுப்பொருள் கடைக்கு ஒரு மணி நேரம். திரும்பி வந்தவர்களிடம் 'கப்பர்நகூமில் என்ன பார்த்தீர்கள்?' என்று கேட்டால், போனை எடுத்துப் படங்களைத் தள்ளித் தள்ளித் தேடுவார்கள்.

மூன்று முறை குழுவோடு போய்வந்தவன் என்ற முறையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழுவில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய முழங்காலை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். அவரால் ஒரு நாளில் மூன்று இடம் பார்க்க முடியுமென்றால் அந்த நாளுக்கு மூன்று இடம்தான். அவருக்காக வேகத்தைக் குறைத்தபோதெல்லாம் இளையவர்களுக்கும் கூட இருந்து ஜெபிக்க நேரம் கிடைத்திருக்கிறது.

குழுவைச் சேர்ப்பது

ஒரு பெரிய பஸ்ஸில் 45 முதல் 50 பேர் உட்காரலாம். அதற்காக 50 பேரைச் சேர்க்காதீர்கள். கழிப்பறை வரிசை, லிஃப்ட் வரிசை, பெத்லகேம் குகை வரிசை எல்லாமே தலைக்கணக்கில்தான் நீளும். 28 முதல் 35 பேர் என்றால் எல்லாருக்கும் எல்லார் பெயரும் இரண்டாம் நாளே தெரிந்துவிடும். செலவும் கட்டுப்படியாகும்.

பொறுப்புகளைக் கிளம்புவதற்கு முன்பே பிரித்துவிடுங்கள். ஆராதனையையும் வாசகங்களையும் நடத்த ஃபாதரோ பாஸ்டரோ ஒருவர். பணம், அறை, நேரம் பார்க்க இன்னொருவர். இந்த இரண்டையும் ஒரே ஆள் தலையில் கட்டினால் அவருக்கும் யாத்திரை கிடையாது, மற்றவர்களுக்கும் அமைதி கிடையாது. மூன்றாவதாக ஒருவர் எப்போதும் கடைசியில் நடக்க வேண்டும். எருசலேமின் பழைய நகரச் சந்துகளில் வழிகாட்டியின் கொடியை மட்டும் நம்பி நடந்தால் இரண்டாவது திருப்பத்திலேயே பாதிப்பேர் காணாமல் போவார்கள். எங்களோடு வந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். அவரைத் தாண்டி யாரும் பின்தங்க முடியவில்லை!

ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துவிடுங்கள். பஸ் கிளம்பும்முன் ஒன்று, இரண்டு என்று குரல் கொடுக்கச் சொன்னால் ஒரு நிமிடத்தில் கணக்கு முடியும். தலையை எண்ணுவது நம்ப முடியாத முறை. யாராவது ஒருவர் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருப்பார்.

எத்தனை நாடு, எந்த மாதம்

யோர்தான், இஸ்ரேல், பாலஸ்தீனப் பகுதிகள், எகிப்து நான்கையும் பத்து நாளில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், நீங்கள் எல்லைச் சாவடிகளில்தான் யாத்திரை செய்வீர்கள். சீனாய் மலை 2,285 மீட்டர் உயரம். நள்ளிரவில் ஏறத் தொடங்கி, ஒட்டகப் பாதை முடிந்த பிறகு இன்னும் சுமார் 750 படிகள் ஏற வேண்டும். மேலே குளிர் எலும்பைத் துளைக்கும். பதினான்கு நாளும், ஏறக்கூடிய உடம்பும் உள்ள குழுவுக்கு அது சரி. மற்றவர்கள் எகிப்தைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளலாம்.

பத்து இரவுப் பயணத்துக்கு நான் பரிந்துரைக்கும் கணக்கு: யோர்தானில் இரண்டு, கலிலேயாவில் மூன்று, எருசலேம் அல்லது பெத்லகேமில் ஐந்து. வரிசையும் முக்கியம். சில பயணங்கள் எருசலேமில் தொடங்கிக் கலிலேயாவில் முடிகின்றன. கல்லறையைப் பார்த்த பிறகு கானாவூர்க் கல்யாணத்துக்குப் போவதுபோல் இருக்கும் அது. நேபோ மலையில் மோசேயோடு தொடங்கி, கலிலேயாவில் நடமாடி, யோர்தான் பள்ளத்தாக்கு வழியாக எரிகோவுக்கு இறங்கி, கடைசியில் எருசலேமுக்கு ஏறுங்கள். நற்செய்தி நூல்கள் போகும் போக்கும் ஏறக்குறைய அதுதான்.

மார்ச் முதல் மே நடுப்பகுதி வரையும், அக்டோபர், நவம்பர் மாதங்களும் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் எரிகோவும் சாக்கடலும் 40 டிகிரியைத் தாண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எருசலேமில் மழையும் குளிரும். புனித வாரத்தில் போக வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. அந்த வாரத்தில் கல்லறைக்குள் நுழைவதே ஒரு நாள் வேலை என்பதைச் சொல்லி, அதற்கும் சம்மதம் என்றால் மட்டும் அழைத்துப் போங்கள். யூதர்களின் பஸ்கா வாரத்தில் யூத ஹோட்டல்களில் புளித்த மாவு ரொட்டி கிடைக்காது. கூடாரப் பண்டிகையின்போது அறை வாடகை ஏறிவிடும். தேதி குறிக்கும்முன் யூதர், முஸ்லிம்கள், மேற்கத்தியத் திருச்சபை, கிழக்கத்தியத் திருச்சபை ஆகிய நான்கு நாட்காட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2023 அக்டோபரில் தொடங்கிய போருக்குப் பிறகு இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது. போகலாமா, வேண்டாமா என்பதை உங்கள் நாட்டு வெளியுறவுத் துறையின் அறிவிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பயண ஏற்பாட்டாளரின் வாக்குறுதி அதற்கு ஈடாகாது. பல காப்பீடுகள் போர் தொடர்பான இழப்பை ஏற்பதில்லை; அந்தச் சிறிய எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். மாற்றுத் திட்டம் ஒன்றும் கையில் இருக்கட்டும். வெளிப்படுத்தல் நூலின் ஏழு சபைகளான எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா எல்லாம் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருக்கின்றன. பவுல் நடந்த பிலிப்பியும் கொரிந்துவும் கிரீஸில். ஏமாற்றத்தோடு வீட்டில் உட்காருவதைவிட இது மேல்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது

பத்து மாதத்துக்கு முன்பே பேச்சைத் தொடங்குங்கள். 'எல்லாம் உட்பட' என்ற வார்த்தையை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். விசாக் கட்டணம், எல்லை தாண்டும் கட்டணம், மதியச் சாப்பாடு, கலிலேயக் கடல் படகு, தாபோர் மலை டாக்சி, எரிகோ ரோப் கார், வழிகாட்டி பேசுவதைக் கேட்கும் ஹெட்செட், தனி அறைக்கான கூடுதல் தொகை, டிப்ஸ் என ஒவ்வொன்றாகச் சொல்லி, உண்டா இல்லையா என்று எழுத்தில் வாங்குங்கள். டிப்ஸை முதல் நாளே ஓர் உறையில் சேர்த்துவிட்டால் தினமும் பஸ்ஸில் தொப்பி சுற்ற வேண்டியதில்லை.

ஹோட்டலின் பெயரைவிட அது இருக்கும் ஊர் முக்கியம். எங்கள் முதல் பயணத்தில் 'எருசலேம் பகுதி' என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் கடற்கரை ஊர். காலையிலும் மாலையிலும் போக்குவரத்து நெரிசலில் இரண்டிரண்டு மணி நேரம் போனது. அதனால் விடியற்காலைச் சிலுவைப் பாதையும் இல்லாமல் போயிற்று. பெத்லகேமில் தங்குவது செலவு குறைவு. அங்குள்ள கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் வருமானம். ஆனால் தினமும் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். கையில் காசு இருந்தால் இரண்டு இரவாவது எருசலேம் பழைய நகரத்துக்கு நடக்கும் தூரத்தில் தங்குங்கள்.

இஸ்ரேலில் குழுக்களை அழைத்துச் செல்பவர் அரசு உரிமம் பெற்ற வழிகாட்டியாக இருக்க வேண்டும். எந்த மொழியில் பேசுவார், அதைத் தமிழில் யார் சொல்வார்கள் என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்த்தால் நேரம் இரட்டிப்பாகும். வழிகாட்டி ஐந்து நிமிடம் சொல்வதை இரண்டு நிமிடத்தில் சுருக்கிச் சொல்லத் தெரிந்தவர் குழுவில் ஒருவர் இருந்தால் அவருக்குப் பஸ்ஸில் முன் சீட்டைக் கொடுங்கள்.

தாள்களும் எல்லைகளும்

பாஸ்போர்ட் திரும்பும் தேதியிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். விசா விதி நீங்கள் வைத்திருக்கும் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. விசா தேவைப்படாத நாட்டவரும் 2025 ஜனவரி முதல் இஸ்ரேலுக்கு முன்கூட்டியே இணையத்தில் அனுமதி பெற வேண்டும். குழு விசாவில் போனால் சேர்ந்து நுழைந்து சேர்ந்தே வெளியேற வேண்டியிருக்கும். 'நான் இரண்டு நாள் கழித்து வருகிறேன்' என்று நடுவில் சொல்ல இடமில்லை. முன்பின் தெரியாதவரைக் கடைசி வாரத்தில் சேர்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

இஸ்ரேலில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. சிறிய சீட்டு ஒன்று தருவார்கள். ஹோட்டலிலும் கேட்பார்கள், சோதனைச் சாவடியிலும் கேட்கலாம். பாஸ்போர்ட்டுக்குள் செருகி வைக்கச் சொல்லுங்கள். புத்தகக்குறியாக வேதாகமத்துக்குள் வைத்தவர்கள் அதைத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

யோர்தானிலிருந்து கடக்க, வடக்கே ஷேக் ஹுசைன் கடவையும் எரிகோவுக்கு அருகே கிங் ஹுசைன் பாலமும் உண்டு; இந்தப் பாலத்துக்கு மறுபக்கத்தில் ஆலன்பி பாலம் என்று பெயர். கலிலேயாவுக்குப் போகும் குழுவுக்கு வடக்குக் கடவைதான் வசதி. எதுவானாலும் யோர்தான் பஸ் அங்கேயே நின்றுவிடும். பெட்டிகளை இறக்கி, சோதனை முடித்து, வேறு பஸ்ஸில் ஏற வேண்டும். அரை நாள் போய்விட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆலன்பி பாலம் பாதுகாப்பு நிலைமையைப் பொறுத்து மூடப்படுவதும் உண்டு என்பதால் முந்தின நாள் விசாரியுங்கள். எல்லா எல்லைகளிலும், விமான நிலையத்திலும், 'பெட்டியை யார் அடுக்கினார்கள், யாராவது ஏதாவது கொடுத்தனுப்பினார்களா' என்று கேட்பார்கள். உண்மையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வேடிக்கைப் பேச்சு வேண்டாம். குழுத் தலைவர் பெயரும் ஹோட்டல் பெயரும் எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

செலவுக்கு இஸ்ரேலிலும் பெத்லகேமிலும் ஷெக்கல், யோர்தானில் தினார். டாலர் பெரும்பாலான கடைகளில் செல்லும், மீதி மட்டும் ஷெக்கலில் வரும்.

கிளம்பும்முன் நான்கு சந்திப்புகள்

பெட்டியில் என்ன வைப்பது என்பதை ஒரு சந்திப்பில் முடித்துவிடலாம்: பழகிய ஷூ, தோளையும் முழங்காலையும் மூடும் உடை, பெண்களுக்கு ஒரு துப்பட்டா, ஆண்களுக்கு மேற்குச் சுவர் அருகே தலையை மூட ஒரு தொப்பி, மருந்துச்சீட்டோடு மருந்துகள் கைப்பையில். மற்ற மூன்று சந்திப்புகளையும் வாசிப்புக்கு ஒதுக்குங்கள். லூக்கா நற்செய்தி முழுவதையும் எல்லாரும் ஒருமுறை வாசித்துவிட்டு வர வேண்டும் என்பது எங்கள் விதி. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பகுதி, அதை வாசிக்க ஓர் ஆள் என்று பட்டியல் போட்டோம். தன் முறை வரும் இடத்தை யாரும் தவறவிடமாட்டார்கள்.

கசப்பான ஒன்றையும் அங்கேயே பேசிவிடுங்கள்: யோர்தான் ஆற்றில் திருமுழுக்கு. ஏற்கெனவே திருமுழுக்கு பெற்றவர் மீண்டும் மூழ்கலாமா என்பதில் சபைக்குச் சபை கருத்து வேறு. கரையில் நின்று அந்த வாதத்தைத் தொடங்கினால் நாள் பாழ். எங்கள் குழுவில் எல்லாரும் வாக்குறுதிகளைப் புதுப்பித்துக்கொண்டு தண்ணீரைத் தொட்டுச் சிலுவை வரைந்துகொண்டோம். அவரவர் போதகர் முடிவு அவரவர்க்கு.

யோர்தான்: நேபோவும் மாதபாவும்

இங்கே இரண்டே இடத்தை முக்கியமாக வைத்துக்கொள்ளலாம். மாதபாவின் புனித ஜார்ஜ் ஆலயத் தரையில் 6-ஆம் நூற்றாண்டு மொசைக் வரைபடம் இருக்கிறது. எருசலேமை அதன் வாயில்களோடும் தூண் வரிசைத் தெருவோடும் காட்டும் பழைய வரைபடம் அது. பயணத்தின் தொடக்கத்தில் இதைப் பார்த்துவிட்டால் பிறகு எருசலேமில் நடக்கும்போது தெருக்கள் அடையாளம் தெரியும். நேபோ மலை உச்சியில் மாலை வெயில் நல்லது. காற்று தெளிவாக இருந்தால் சாக்கடல், எரிகோ, தூரத்தில் எருசலேம் மலைமுகடு வரை தெரியும். உபாகமம் 34-ஐ அங்கே வாசியுங்கள். மோசே பார்த்தார், போகவில்லை. நாளை நாம் போகப்போகிறோம்.

ஆற்றின் யோர்தான் நாட்டுக் கரையில் உள்ள அல்-மக்தாஸ் என்ற திருமுழுக்குத் தலம் 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மறுகரையில் இருப்பது கஸ்ர் அல்-யஹூத். ஆறு அங்கே சில மீட்டர் அகலம்தான், தண்ணீர் சேற்று நிறம். 'இதுவா யோர்தான்?' என்ற முகவாட்டத்துக்குத் தயாராக இருங்கள். சுற்றுப்புறத்தில் பழைய கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள் உண்டு. பாதையை விட்டு யாரும் இறங்கக் கூடாது.

கலிலேயா: அவசரப்படாதீர்கள்

பயணம் முழுவதிலும் நற்செய்திக் காலத்து நிலக்காட்சி அதிகம் மாறாமல் இருக்கும் பகுதி இதுதான். கலிலேயக் கடல் உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. 21 கிலோமீட்டர் நீளம், அதிகபட்சம் 13 கிலோமீட்டர் அகலம், கடல்மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே. நாலா பக்கமும் மலை. மேலிருந்து காற்று இறங்கினால் ஏரி சட்டென்று பொங்கும்.

படகுப் பயணத்தைக் காலை முதல் வேலையாக வையுங்கள். படகுக்காரர்கள் உங்கள் நாட்டுக் கொடியை ஏற்றி, தேசிய கீதம் போட்டு, பிறகு ஒலிபெருக்கியில் ஆடல்பாடல் வைப்பார்கள். வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் நடு ஏரியில் பத்து நிமிடம் எஞ்சினை நிறுத்தச் சொல்லி முன்பே பேசிவிடுங்கள். அந்த அமைதியில் மாற்கு 4-ஐ யாராவது வாசிக்கட்டும். கரையில் கினோசாரில் உள்ள பழைய படகைப் பார்க்காமல் போகாதீர்கள். 1986-இல் வறட்சியில் ஏரி வற்றியபோது மீனவச் சகோதரர்கள் இருவர் சேற்றில் கண்டெடுத்தது; சுமார் 8 மீட்டர் நீளம், முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. பன்னிரண்டு பேர் எப்படி நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள் என்பது அதைப் பார்த்தால்தான் புரியும்.

கப்பர்நகூமின் வெள்ளைத் தூண் ஜெபக்கூடம் படம் எடுக்க அழகு. ஆனால் அது இயேசு காலத்துக்குச் சில நூற்றாண்டு பிந்தியது. வழிகாட்டியிடம் கேட்டு, வெள்ளைச் சுவரின் அடியில் தெரியும் கறுப்பு எரிமலைப் பாறைக் கற்களைப் பாருங்கள். பழைய கட்டடத்தின் அடித்தளம் என்று பலரும் கருதுவது அதைத்தான். சில அடி தூரத்தில் பேதுருவின் வீடு என்று மிகப் பழங்காலம் முதல் வணங்கப்படும் இடம். அதன்மேல் 1990-இல் கால்களின் மேல் நிற்பதுபோல் ஓர் ஆலயம் கட்டி, நடுவில் கண்ணாடித் தரை வைத்திருக்கிறார்கள். வெளியே கல் பெஞ்சில் உட்கார்ந்து கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் கதையை வாசித்தால், அந்த வீடுகள் எவ்வளவு சிறியவை என்பது கண்முன் நிற்கும்.

இயேசு காலத்து ஜெபக்கூடத்தையே பார்க்க வேண்டுமென்றால் மக்தலா போங்கள். 2009-இல் ஒரு விடுதி கட்டத் தோண்டியபோது முதல் நூற்றாண்டு ஜெபக்கூடம் வெளிப்பட்டது. பெரும்பாலான நோட்டீஸ்களில் இதன் பெயர் இருக்காது, கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து அப்பம், இரண்டு மீன் அற்புதத்தை நினைவுகூரும் தப்கா ஆலயத்தில் பீடத்தின் முன் 5-ஆம் நூற்றாண்டு மொசைக்: இரண்டு மீன், நடுவில் கூடை, கூடையில் தெரிவது நான்கு அப்பம். ஐந்தாவது எங்கே என்று குழுவைக் கேளுங்கள். அது பீடத்தின்மேல் என்பார்கள் வழிகாட்டிகள். மலைப்பொழிவு ஆலயம், கட்டடக் கலைஞர் அந்தோனியோ பர்லூச்சி வடிவமைத்த எட்டு மூலை ஆலயம். உள்ளே ஐந்து நிமிடம், வெளித் தோட்டத்தில் முக்கால் மணி நேரம் கொடுங்கள். தனியாக உட்கார வேண்டிய இடம் அது.

நாசரேத்தின் மங்கள வார்த்தை ஆலயச் சுற்றுச்சுவரில் பல நாடுகள் அனுப்பிய மாதா படங்கள் இருக்கின்றன. கானாவூரில் தம்பதிகள் திருமண வாக்குறுதியைப் புதுப்பிப்பார்கள். குழுவில் துணையை இழந்தவர்கள் இருப்பார்கள் அல்லவா, அந்த நேரத்தில் அவர்களுக்கும் ஒரு ஜெபம் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு விதவைத் தாய். தாபோர் மலைக்குப் பெரிய பஸ் ஏறாது. கொண்டை ஊசி வளைவுகள். கீழே இறங்கிச் சிறு வண்டியில் மாற வேண்டும், மேலேயும் கீழேயும் காத்திருப்பு. நேரம் இழுத்தால் முதலில் விடக்கூடியது இதுதான்.

எரிகோ, சாக்கடல், மேலேறும் சாலை

எரிகோ கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 250 மீட்டர் கீழே, எருசலேம் சுமார் 750 மீட்டர் மேலே. முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஆயிரம் மீட்டர் ஏற்றம். நல்ல சமாரியன் கதை நடக்கும் சாலை இது. வெயிலில் அந்தப் பாழ்நிலத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தால் கள்ளர்கள் ஏன் அங்கே பதுங்கினார்கள் என்று கேட்கத் தோன்றாது.

சாக்கடல் சாதாரணக் கடலைவிட ஒன்பது மடங்குக்கும் மேல் உப்பு. அன்று காலை சவரம் செய்யாதீர்கள். செருப்போடு இறங்கி, மெல்ல மல்லாந்து படுத்தால் தானே மிதப்பீர்கள். குப்புற நீந்தக் கூடாது. கண்ணில் தண்ணீர் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் போதும். இரத்த அழுத்தமும் இதயக் கோளாறும் உள்ளவர்கள் கரையில் கால் நனைத்தால் போதும்.

பெத்லகேம்

பெத்லகேம் பாலஸ்தீன ஆணையத்தின் கீழ் உள்ள நகரம். அங்கே பெரும்பாலும் உள்ளூர் வழிகாட்டி பொறுப்பேற்பார். பிறப்பு ஆலயத்தின் முன்வாசல் சுமார் 1.2 மீட்டர் உயரம்தான். குனிந்துதான் நுழைய வேண்டும். குகைக்கு இறங்கும் வரிசை ஒன்று, இரண்டு மணி நேரம்கூட நிற்கும். வயதானவர்களுக்கு மடக்கு நாற்காலி இருந்தால் புண்ணியம். காலை ஆலயம் திறந்ததும் போனால் கூட்டம் குறைவு. கீழே பதினான்கு முனை வெள்ளி நட்சத்திரத்தின் முன் ஓர் ஆளுக்குச் சில நொடிகள்தான். படமா ஜெபமா என்று வரிசையிலேயே தீர்மானிக்கச் சொல்லுங்கள். பாட்டும் வாசகமும் மேய்ப்பர் வயலில் வைத்துக்கொள்ளலாம். அங்கே குகைச் சிற்றாலயங்களைக் குழுக்களுக்கு முன்பதிவு செய்து தருகிறார்கள்.

ஒலிவமரச் சிற்பக் கடைகள் பல கிறிஸ்தவக் குடும்பங்களின் பிழைப்பு. வாங்குங்கள், பெத்லகேமிலேயே வாங்குங்கள். ஆனால் குழுவை அழைத்துவருபவருக்குக் கடைக்காரர் கமிஷன் கொடுப்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். 'மொத்தப் பயணத்துக்கும் ஒரே கடை, நாற்பது நிமிடம்' என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

எருசலேம்

முதல் நாள் ஒலிவமலை. பஸ் உச்சியில் விடட்டும், அடிவாரத்தில் வந்து ஏற்றிக்கொள்ளட்டும். குருத்தோலைப் பாதை செங்குத்தான இறக்கம். முழங்கால் வலிக்காரர்கள் பஸ்ஸிலேயே கீழே போய்க் கெத்செமனேயில் சேர்ந்துகொள்வது நல்லது. உச்சியில் 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' ஜெபம் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஓடுகளில் எழுதப்பட்ட ஆலயம். தமிழ்ப் பலகையும் உண்டு. அதைத் தேடிக் கண்டுபிடித்து அதன் முன் நின்று சத்தமாகச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆலயம் மூடியிருக்கும். பாதி வழியில் இயேசு அழுத இடத்துச் சிற்றாலயம், கண்ணீர்த்துளி வடிவக் கூரை. பீடத்துக்குப் பின்னால் உள்ள ஜன்னல் வழியே பழைய நகரம் முழுவதும் தெரியும்.

கெத்செமனேயில் எட்டு பழைய ஒலிவ மரங்கள். 2012-இல் வெளியான ஆய்வு, அவற்றில் மூன்றின் அடிமரம் 12-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று காட்டியது. 'இயேசு தொட்ட மரம்' என்று யாராவது சொன்னால் புன்னகையோடு கேட்டுக்கொள்ளுங்கள். பிரான்சிஸ்கன் சபையினர் பராமரிக்கும் பல தலங்கள் நண்பகல் 12 மணி வாக்கில் மூடி, 2 மணிக்கோ 2.30-க்கோதான் திறக்கும். திட்டங்கள் பெரும்பாலும் கவிழ்வது இங்கேதான். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கு வைத்துவிடுங்கள். கத்தோலிக்கக் குழுக்கள் திருப்பலிக்கான இடத்தையும் நேரத்தையும் பிரான்சிஸ்கன் சபையின் யாத்திரிகர் அலுவலகத்தில் பல மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

சிலுவைப் பாதைக்கு விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கிளம்புங்கள். வழி முழுக்கச் சந்தைத் தெரு. ஒன்பது மணிக்குப் போனால் மசாலாக் கடைக்கும் டி-ஷர்ட் கடைக்கும் நடுவில், தள்ளுவண்டிக்கு வழிவிட்டுக்கொண்டு ஜெபிக்க வேண்டும். (அன்றும் இப்படித்தான் இருந்திருக்கும், யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள் என்று ஒரு ஃபாதர் சொன்னார். அதுவும் நியாயம்தான்.) மரச் சிலுவை வாடகைக்குக் கிடைக்கும், நிலைக்கு நிலை ஆள் மாறித் தூக்கலாம். இந்த வழி பல நூற்றாண்டுப் பக்தியில் உருவானது. பிரான்சிஸ்கன் துறவிகள் வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் ஊர்வலமாகப் போகிறார்கள். தொடக்கத்தில் புனித அன்னா ஆலயத்துக்குள் நுழைந்து ஒரு பாட்டுப் பாடுங்கள். சிலுவைப் போர்க் காலத்துக் கல் மண்டபம். பத்துப் பேர் பாடினால் நூறு பேர் பாடுவதுபோல் முழங்கும். பக்கத்தில்தான் பெதஸ்தா குளம்.

கடைசி ஐந்து நிலைகள் கல்லறை ஆலயத்துக்குள். இங்கே வருபவர்களில் பாதிப்பேர் மனம் சுருங்கிப் போவார்கள். மனதில் இருந்தது ஊருக்கு வெளியே ஒரு பச்சை மேடு. கண்முன் இருப்பதோ இருட்டு, புகை, நெரிசல், ஒரே கூரையின்கீழ் கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்க, ஆர்மீனிய, காப்டிக், எத்தியோப்பிய, சிரிய சபைகள். எந்த விளக்கு யாருடையது, எந்தப் படியை யார் பெருக்குவது என்பதை 19-ஆம் நூற்றாண்டில் உதுமானிய சுல்தானின் ஆணை உறுதிசெய்த 'இருந்தது இருந்தபடி' ஏற்பாடு தீர்மானிக்கிறது. வாசலுக்கு மேலே ஜன்னலடியில் சாய்த்திருக்கும் சிறிய மர ஏணியை அதனால்தான் யாரும் எடுப்பதில்லை. கதவைத் திறந்து மூடும் பொறுப்பு இரண்டு முஸ்லிம் குடும்பங்களிடம். இதையெல்லாம் முந்தின இரவே ஹோட்டலில் சொல்லிவிடுங்கள். தெரிந்து வருபவர்கள் அதிர்ச்சியடைவதில்லை. நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் ஆலயம் எழுந்ததிலிருந்து இடிந்தும் எரிந்தும் மீண்டும் எழுந்தும் மக்கள் இதே இடத்தைத்தான் தேடி வந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கல்வாரிக்கு ஏறும் படிகள் செங்குத்து, கைப்பிடியைப் பிடித்து ஏறட்டும். ஏற முடியாதவர்கள் கீழே, இயேசுவின் உடலைக் கிடத்தி நறுமணத் தைலம் பூசியதை நினைவுகூரும் அபிஷேகக் கல்லின் அருகே இருக்கலாம். கல்லறைச் சிற்றறைக்குள் ஒரு நேரத்தில் மூன்று நான்கு பேர்தான். காலை ஏழு மணிக்கு முன் போனால் வரிசை தாங்கும்.

சீர்திருத்தச் சபைக் குழுக்கள் தமஸ்கு வாசலுக்கு வடக்கே உள்ள தோட்டக் கல்லறைக்குப் போவார்கள். அந்தக் கல்லறை இயேசு காலத்துக்குப் பல நூற்றாண்டு முந்தியது என்பதே தொல்லியல் அறிஞர்கள் பெரும்பாலோரின் கருத்து. அங்கே சேவை செய்பவர்களும் 'இதுதான் இடம்' என்று அடித்துச் சொல்வதில்லை. ஆனால் மரநிழலில் அமைதியாகத் திருவிருந்து எடுக்க எருசலேமில் அதைவிட நல்ல இடம் இல்லை. இரண்டு இடத்துக்கும் போங்கள். எது உண்மை என்ற சண்டையைப் பஸ்ஸில் வளர்க்காதீர்கள்.

எசேக்கியா ராஜாவின் சுரங்க நீர்வழி 533 மீட்டர். இருட்டு, குறுகல், சில இடங்களில் தொடை வரை தண்ணீர். துணிந்தவர்கள் டார்ச்சோடு போகட்டும். மற்றவர்களுக்குப் பக்கத்திலேயே உலர்ந்த வழி உண்டு.

வெள்ளி சூரியன் மறைந்தது முதல் சனி இரவு வரை ஓய்வுநாள். யூதக் கடைகளும் பஸ்களும் நிற்கும், ஹோட்டலில் ஒரு லிஃப்ட் எல்லா மாடியிலும் தானே நின்று நின்று போகும். அதில் ஏறிவிட்டுப் பழுது என்று புகார் செய்யாதீர்கள். யூத உணவு விதிகளைப் பின்பற்றும் கோஷர் ஹோட்டல்களில் இறைச்சி பரிமாறும் இரவு உணவோடு பால் வராது. பால் டீ இல்லாமல் தூக்கம் வராதவர்கள் ஒரு நாள் முன்பே மனதைத் தேற்றிக்கொள்ளட்டும்.

திரும்பும் நாள்

யோர்தான் தண்ணீர்ப் புட்டிகள் பெரிய பெட்டிக்குள், பிளாஸ்டிக் உறையில். கைப்பையில் இருந்தால் விமான நிலையத்தில் போய்விடும். பழைய ஓட்டுத்துண்டு, நாணயம், இடிபாட்டுக் கல் எதையும் எடுக்கக் கூடாது. தொல்பொருளை அனுமதியின்றி நாட்டை விட்டு எடுத்துச் செல்வது குற்றம். விமானத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். ஊர் திரும்பிய பத்து நாளுக்குள் வரவுசெலவுக் கணக்கை எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். மீதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள், ஐந்து ஷெக்கலாக இருந்தாலும்.